க்ளீனர் விட்டாச்சா?

வீட்டில் மீன் தொட்டி இருக்கு என்று சொன்னால் நம்ம ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த மூலையில வச்சிருக்கீங்க?" அது வாஸ்து. இரண்டாவது கேள்வி, "க்ளீனர் விட்டாச்சா?" இதில் ஊர் வித்தியாசம், பாஷை வித்தியாசம் எதுவும் கிடையாது. சென்னையில் கேட்டார்கள், புனேயில் கேட்டார்கள், இப்போது குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் கொல்கத்தாவிலும் கேட்கிறார்கள்.

க்ளீனர் என்று ஒரு மீன் உலகத்தில் கிடையாது. அது கடைக்காரர்கள் வைத்த பேர். தொட்டி அடியில் மீசையோடு எது திரிந்தாலும், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு எது நின்றாலும் அதுக்கு இந்தப் பட்டம் கிடைத்துவிடும். மீசைக்கார மீன்கள், அதாவது நம்ம கெளுத்தி வகையறா, உலகம் முழுக்க 3000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. உள்ளங்கையில் பத்து வைக்கலாம் போன்ற பொடிசுகளும் அதில் உண்டு, தாய்லாந்தில் 2005-ல் மீகாங் ஆற்றில் பிடிபட்ட 293 கிலோ ராட்சசனும் உண்டு. மற்ற மீன்கள் போட்ட கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிற இனம் மட்டும் அந்த 3000-த்தில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த வேலைக்கு வாளியும் டியூபும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம்தான் குனிய வேண்டும்.

சரி, எதுக்கு இவ்வளவு முன்னுரை என்றால், போன குளிர்காலம் முழுக்க எனக்கு இதே யோசனையாக ஓடியது. செக்டர் ஃபைவில் பொட்டி தட்டிக்கொண்டு, ஆணி இல்லாத நேரத்தில் எல்லாம் மீசை மீன் படித்துக்கொண்டிருந்தேன். தங்கமணி ஒரு கட்டத்தில், "ஏங்க, இவ்வளவு அக்கறையா நம்ம பொண்ணுக்கு ஸ்கூல் தேடினீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் பெண்ணுக்காகத்தான் இந்த மீன் விஷயமும்.

நியூ டவுனில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட்டுக்கு எதிர் ஃப்ளாட்டில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். பாதி வருஷத்தில் புனேயிலிருந்து பள்ளி மாறி வந்த என் பெண்ணுக்கு (நாலாம் வகுப்பு) இங்கே யாரும் ஒட்டவில்லை. வகுப்பில் எல்லாரும் வங்காளத்தில் சிரிக்கிறார்கள், எதுக்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை என்பாள். கேட்கிற நமக்கு வயிறு கலங்கும். அவளுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதம் அந்தப் பெரியவர். தாது, தாது என்று மாலை முழுக்க அங்கேதான். அவர் வீட்டில் ஒரு மீன் தொட்டி. 3 அடி நீளம், ஒன்றே கால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஆறு வருஷமாகக் கலைக்காத தொட்டி. கிரிப்டோகோரைன் புதர் புதராக மண்டியிருக்கும். ஒரு மரவேர் மேல் ஜாவா ஃபெர்ன். நடுவில் 16 ஹார்லெக்வின் ரஸ்போரா, மேலே ஒரு ஜோடி தேன் கௌராமி. காஸ் சிலிண்டர், கலர் லைட் எதுவும் கிடையாது. பார்த்தால் குளத்தை ஒரு பக்கம் வெட்டி எடுத்து வைத்த மாதிரி இருக்கும்.

காளி பூஜை முடிந்ததும் அவர் பையன் வந்து பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான். போகும்போது தொட்டியை எங்களிடம் விட்டுவிட்டார். விற்கவில்லை, கொடுத்தார். கூடவே ஒரு வேலையும். "மாடியில ஆள் இருக்கு, நடு வீட்டில ஆள் இருக்கு, கீழ்த்தளம் ரெண்டு வருஷமா காலி. பழைய கோரிகள் வயசாகிப் போயிடுச்சு. நீயும் உன் மகளும் பார்த்து யாரையாவது குடி வையுங்க. ஆனா என் கௌராமிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது." அடுத்த பூஜைக்கு வந்து பார்ப்பேன் என்றும் சொன்னார். அன்றைக்கு ராத்திரி என் பெண் சாப்பிடவில்லை.

ஆக, தப்பாக ஒரு மீனை விட்டு அந்தத் தொட்டியைக் கெடுத்தால் கெடுவது தொட்டி மட்டுமில்லை. புரிகிறதா?

இந்த ஊரில் மீன் வாங்க காலிஃப் ஸ்ட்ரீட்தான். பாக்பஜார் பக்கம், கால்வாயை ஒட்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடும் சந்தை. கிளி, புறா, நாய்க்குட்டி, குரோட்டன்ஸ் செடி, மண்புழு உரம், அதுக்கு நடுவே வரிசையாக பிளாஸ்டிக் பைகளிலும் அலுமினியத் தட்டுகளிலும் மீன்கள். நம்ம கொளத்தூர் மீன் சந்தையைப் பார்த்தவர்களுக்கு மலைப்பு இருக்காது, ஆனால் இங்கே வாங்குகிறவர்கள் எல்லாருமே மீன் விஷயத்தில் பேராசிரியர்கள். ஒரு பை மீனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, மீன் தின்கிறவனுக்கே உரிய பார்வை ஒன்று பார்ப்பார்கள் பாருங்கள், மீனுக்கே குலை நடுங்கும்.

என் பெண் போன உடனே ஒரு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உள்ளே விரல் நீளத்தில் வெள்ளியாக, முதுகில் நிமிர்ந்த துடுப்போடு நாலு மீன். கடைக்காரர், "ஷார்க், ஷார்க்" என்றார். அது சுறாவும் இல்லை, அதுக்குச் சித்தப்பா மகனும் இல்லை. பங்காஸ். அதுவும் ஒரு கெளுத்திதான், மீகாங், சாவோ பிரயா ஆறுகளின் மீன். அதையே பெரிதாக வளர்த்து முள்ளில்லாத துண்டாக்கித்தான் நம்ம ஓட்டல்களில் 'பாசா' என்று வறுத்துக் கொடுக்கிறார்கள். நன்றாக வளர்ந்தால் 130 செ.மீ. வரை போகும். கடைக்காரர் அசரவில்லை. "தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும்."

இந்த வசனத்தை நான் மூன்று ஊரில் மூன்று பாஷையில் கேட்டுவிட்டேன். குறுகின தொட்டியில் மீன் வளர்ச்சி குன்றுவது நிஜம். ஆனால் அது தண்ணீர் கெட்டு, திரும்ப இடமில்லாமல், உடம்பு நோகிக் குன்றுவது. சின்னச் செருப்பைப் போட்டால் பிள்ளைக்குக் கால் சின்னதாகவே இருக்கும் என்று யாராவது சொல்வோமா? அதோடு பங்காஸ் கூட்டமாக ஓடுகிற மீன், வெருண்டால் கண்ணாடியில் போய் முட்டும். வளர வளர, வாய்க்கு அடங்குகிற ரஸ்போரா ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

இதையெல்லாம் சந்தையில் நின்று ஒன்பது வயசுப் பிள்ளையிடம் பிரசங்கம் செய்ய முடியுமா? "வீட்டுக்குப் போய் அளந்து பார்த்துட்டு, சரின்னு உனக்குத் தோணினா அடுத்த வாரம் வாங்கலாம்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் தையல் டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டாள். ஹாலில் தொட்டிக்கு முன்னால் தரையில் 130 செ.மீ. கோடு போட்டாள். ஒரு முனையில் கண், மறு முனையில் வால். தொட்டி அந்தக் கோட்டைவிட ஒரு முழம் குட்டை. கொஞ்ச நேரம் அந்தக் கோட்டு மேலேயே படுத்திருந்தாள். அப்புறம் எழுந்து, "நாலு மீன் கேட்டேன்ப்பா, பாவம்" என்றாள். தங்கமணிதான் அந்தக் கோட்டை மூன்று நாள் துடைக்காமல் தாண்டித் தாண்டிப் போனாள்.

அடுத்து, எல்லாரும் சொல்கிற சக்கர். கறுப்பாகப் புள்ளி போட்டு, உடம்பெல்லாம் ஓடு மாதிரித் தகடு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அசல் க்ளீனர் என்று விற்கப்படுவது இதுதான். தென் அமெரிக்க மீன். சின்னதாக இருக்கும்போது பாசி தின்னும், ஆறு மாதத்தில் ஒரு சாண் ஆகும், கடைசியில் ஒன்றரை அடி வரை போகும். மெல்லிய இலையைச் சுரண்டும், வேரைக் கிளப்பும், தின்கிற அளவுக்குக் கழிக்கும். சுத்தம் செய்ய வைத்த ஆளே வீட்டை நாறடித்தால் எப்படி? ஒரு வருஷத்தில் வீட்டுக்காரர் கையைப் பிசைந்து, ராத்திரி யாருக்கும் தெரியாமல் பக்கத்துக் குளத்தில் விட்டுவிடுவார். புண்ணியம் என்று நினைத்துக்கொள்வார்.

நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலம். 12,500 ஹெக்டேர், 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இந்த மாநகரத்தின் சாக்கடைத் தண்ணீரை வெயிலிலும் பாசியிலும் தெளிய வைத்து, அதிலேயே ரோகு, கட்லா வளர்க்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இந்த அளவில் இப்படி ஒரு ஏற்பாட்டைப் பார்ப்பது கஷ்டம். அந்த பேரிகளில் (மீன் குளத்துக்கு இங்கே அதுதான் பேர்) இப்போது வலை போட்டால் இந்தச் சக்கரும் வருகிறது. அதன் முள்ளில் மாட்டி வலை கிழிகிறது, கரையில் பொந்து பறிக்கிறது, விற்றால் வாங்க ஆளில்லை. மீன்பிடிக்கிறவர்கள் அதைக் கரையில் வீசிவிட்டுத் திட்டுகிறார்கள். வங்கதேசத்தில் 2023-ல் இந்த மீனைத் தடையே செய்துவிட்டார்கள். இங்கே இன்னமும் க்ளீனர் என்ற பேரில் சந்தையில் கிடைக்கிறது.

அதே வம்சத்தில் சின்ன ஆள் ஒருத்தர் உண்டு. பிரிசில்நோஸ். ஆணுக்கு மூக்கு மேல் தாடி மாதிரிக் கிளைகிளையாக முளைத்திருக்கும். ஐந்து அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம். மரக்கட்டையைச் சுரண்டிக்கொண்டு, வெள்ளரிக்காய்த் துண்டைத் தின்றுகொண்டு தன் பாட்டில் கிடக்கும். செடித் தொட்டிக்கு நல்ல மீன் என்றுதான் சொல்வேன், அமேசான் வாள்செடி மட்டும் இருக்கக் கூடாது, அதன் அகல இலையில் ஜன்னல் வைத்துவிடும். எங்கள் தொட்டியில் வாள்செடி இல்லை. ஆனால் தங்கமணி தாடியைப் பார்த்துவிட்டு, "இது ராத்திரி ஹால்ல இருக்குன்னு தெரிஞ்சா நான் தண்ணி குடிக்க எழுந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அத்தோடு முடிந்தது. குடும்பஸ்தன் வாழ்க்கையில் விஞ்ஞானத்துக்கு ஒரு எல்லை இருக்கிறதல்லவா?

இந்த ஊர்க் கெளுத்திகளையே வைத்தால் என்ன என்று ஒரு ஆசை வந்தது. வங்காளத்தில் அதுக்கா பஞ்சம்? டேங்ரா, பாப்தா, மாகுர், ஷிங்கி. 1822-ல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற கம்பெனி டாக்டர் கங்கை மீன்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அவர் நல்ல மனுஷர், லத்தீனில் மண்டையை உடைத்துக்கொள்ளாமல், மீன்காரர்கள் சொன்ன பேரையே பல மீன்களுக்கு வைத்துவிட்டார். அதனால் பாப்தாவின் விஞ்ஞானப் பேரிலும் பாப்தா இருக்கிறது, டேங்ராவின் பேரிலும் டேங்ரா இருக்கிறது. தாது வளர்த்த தேன் கௌராமிக்குப் பேர் வைத்தவரும் இவரே.

ஷிங்கி நமக்குப் புதுசு இல்லை. தேளி. நான் மாயவரம் பக்கத்து ஆள், வாய்க்காலில் கை விட்டுத் தேளியிடம் குத்து வாங்காதவன் எங்கள் தெருவில் கிடையாது. பேரிலேயே தேள் இருக்கிறதே, அப்புறம் என்ன? அதன் மார்புத் துடுப்பு முள்ளில் விஷம், கை தோள் வரை கடுக்கும். அந்தத் தேளிக்கு முதன்முதலில் விஞ்ஞானப் பேர் வைத்தது 1794-ல், பெர்லினில் இருந்த பிளாக் என்ற டாக்டர். அவருக்கு மாதிரி மீன் போனது எங்கேயிருந்து தெரியுமா? டென்மார்க்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். கோடு போட்ட நாட்டுக் கெளுத்திக்கும் அதே வருஷம், அதே தரங்கம்பாடி. கொல்கத்தாவில் உட்கார்ந்து ராத்திரி 11 மணிக்கு இதைப் படித்தபோது ஏதோ சொந்தக்காரன் பேரைப் பேப்பரில் பார்த்த மாதிரி இருந்தது.

இங்கே ஷிங்கி என்றால் நோயாளிக்குக் குழம்பு. காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு வாழைக்காய், பப்பாளிக்காய் போட்டுத் தெளிவாக ஒரு மீன் ரசம் மாதிரி வைத்துக் கொடுப்பார்கள். அதைத் தொட்டியில் விடலாமா என்று ஆபீஸில் ஒருத்தரிடம் கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

விட முடியாது என்பதுதான் பதில். தேளி ஓர் அடி வரை வளரும், ராத்திரி வேட்டை. டேங்ரா அதைவிடச் சின்னது, பார்க்கவும் அழகு, ஆனால் மீசை நீளம், வாய் அகலம், விளக்கு அணைந்ததும் ரஸ்போராவுக்கு எமன். கெளுத்தி விஷயத்தில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வாயைப் பாருங்கள். வாய் முகத்துக்கு முன்னால் அகலமாகத் திறந்தால் அது வேட்டைக்காரன், உடன் வசிக்கிற எதுவும் சாப்பாடு. வாய் கீழ்ப் பார்த்துச் சின்னதாக இருந்தால் அது மேய்கிறவன், அல்லது கிளறுகிறவன். சில விதிவிலக்கு உண்டு, ஆனால் சந்தையில் நிற்கும்போது இதுவே கை கொடுக்கும்.

வடக்கு வங்காளம், அசாம் பக்கத்து ஓடைகளில் ஹாரா என்று ஒரு பொடிசு உண்டு. அதில் ஜெர்டோனி என்கிற இனம் ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். மார்புத் துடுப்பு இரண்டு பக்கமும் நங்கூரம் மாதிரி விரிந்திருக்கும். காய்ந்த இலைத் துணுக்கு என்று நினைத்துத் தள்ளினால் நகரும். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பகல் முழுக்க அசையாமல் மணலில் கிடக்கும், தீனிக்கு அவசரப்படாது, மற்ற மீன்கள் தின்று தீர்த்தபின் பட்டினி கிடக்கும். அதுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி வேண்டும். என் பெண்ணுக்கோ அசைகிற மீன் வேண்டும். தாது இல்லாத மாலைகளில் எதிரில் உட்கார்ந்து பார்க்க, அசையாத மீன் உதவாது.

கண்ணாடிக் கெளுத்தி, எலும்பு தெரிகிற தாய்லாந்து மீன். கூட்டமாக நடுத்தண்ணீரில் நிற்பது, கீழ்த்தளத்துக்கு ஆகாது. காங்கோவின் தலைகீழ்க் கெளுத்தி, வயிறு மேலே பார்த்து நீந்துவதால் அதுக்கு வயிறுதான் கறுப்பு, முதுகு வெளுப்பு. நல்ல மீன்தான், ஆனால் அதே பேரில் அதன் பெரிய உறவுக்காரர்களைத் தலையில் கட்டுவார்கள். குட்டியில் வித்தியாசம் தெரியாது. வேண்டாம் என்று விட்டேன்.

ஓட்டோசிங்க்ளஸ் பற்றிச் சொல்லாமல் போனால் செடித் தொட்டி ஆட்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். இரண்டு அங்குலம்கூட இருக்காது. இலையின் மேலேயே உட்கார்ந்து, இலைக்கு ஒரு கீறல் விழாமல் பாசியை மட்டும் வழித்துத் தின்னும். க்ளீனர் என்ற பட்டத்துக்குக் கிட்டத்தட்டத் தகுதியானவர் இவர் ஒருத்தர்தான். சிக்கல் வேறு. கடைக்கு வருவது பெரும்பாலும் ஆற்றில் பிடித்தவை. பிடித்த இடத்திலிருந்து நம்ம ஊர் பை வரைக்கும் சரியாகச் சாப்பாடு இல்லாமல் வந்து, வீட்டுக்கு வந்தபின் முதல் சில வாரங்களில் ஒவ்வொன்றாகச் சாகும். வாங்கினால் வயிறு உப்பலாக இருப்பதைப் பார்த்து, கடையில் ஒரு வாரம் தாக்குப்பிடித்ததை வாங்க வேண்டும். சந்தையில் நான் பார்த்தவை எல்லாம் வயிறு ஒட்டிக் கிடந்தன. என் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒருத்தர் ஊரை விட்டுப் போன வருஷம் இது. காலையில் எழுந்து அவள் ஒவ்வொன்றாக எண்ணிக் குறைக்கிற மீன் எனக்கு வேண்டாம்.

மிச்சம் நின்றது கோரிடோரஸ். தாது வைத்திருந்ததும் அதுதான் என்பதால் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தோம். தென் அமெரிக்காவின் குட்டிக் கவச மீன்கள். இரண்டு வரிசை ஓட்டுத் தகடு, வாய்க்குக் கீழே குட்டி மீசை, கண்ணை உருட்டிச் சிமிட்டுகிற மாதிரி ஒரு சேட்டை. டார்வின் பீகிள் கப்பலில் போனபோது பிடித்து அனுப்பியதில் ஒரு கோரியும் உண்டு, மிளகுக் கோரி என்பார்கள். 2024-ல் ஆராய்ச்சிக்காரர்கள் இந்தப் பெருங்குடும்பத்தைப் பாகப்பிரிவினை செய்து, வெண்கலக் கோரிக்கு ஆஸ்டியோகாஸ்டர் என்று இனிஷியல் மாற்றிவிட்டார்கள். காலிஃப் ஸ்ட்ரீட்டில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

எந்தக் கோரி என்பதை முடிவு செய்தது கொல்கத்தா வெயில். மே மாதம் எங்கள் ஹாலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி போகும். மிளகுக் கோரி, பாண்டா கோரி எல்லாம் குளிர்ந்த தண்ணீர்க்காரர்கள், 25-க்கு மேல் அவஸ்தை. ஸ்டெர்பாய் என்று ஒன்று சூடு தாங்கும், இறக்குமதி விலை அதைவிடச் சூடு. வெண்கலக் கோரி இரண்டுக்கும் நடுவே. அதோடு இந்தப் பக்கத்திலேயே குஞ்சு பொரித்து வளர்த்தது கிடைக்கிறது. இந்தத் தண்ணீரிலேயே பிறந்தது என்றால் அதுக்குப் பாதி பிரச்சினை இல்லை (பிள்ளைகளும் அப்படித்தானோ என்னவோ). மேலே ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துத் திருப்பி வைத்தால், ஆவியாவதிலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தினம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஜனவரிக்கு ஹீட்டர்.

தாது தொட்டியில் கீழே கூரான சரளைக்கல். கோரி மணலுக்குள் மூஞ்சியைப் புதைத்து, மண்ணை வாயில் வாங்கிச் செவுள் வழியாக விடுகிற ஜீவன். கூர்க்கல்லிலும் அழுக்குத் தரையிலும் மீசை தேய்ந்து மொட்டையாகிவிடும். முழுத் தொட்டியையும் மாற்றினால் கிரிப்டோகோரைன் போச்சு. அது வேரைத் தொட்டால் கோபித்துக்கொண்டு இலை எல்லாவற்றையும் கரைத்துவிடுகிற செடி. அதனால் முன்பக்கம் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குச் சரளையை வழித்து எடுத்து, நைஸான ஆற்று மணலைப் பதினாறு தடவை அலசிப் போட்டோம். பதினாறு என்பது பெண்ணின் கணக்கு. கோரி நன்றாக வேர் பிடித்த செடியைக் கிளப்பாது. புல்தரை மாதிரிப் பொடிச் செடிகளை அப்போதுதான் நட்டிருந்தால் மட்டும் மிதக்க விட்டுவிடும்.

டிசம்பரில் ஆறு வாங்கினோம், கொஞ்சம் வளர்ந்தவையாக. ஜோடி 150 ரூபாய். ஒன்று இரண்டு வாங்கி வைத்தால் மூலையில் பதுங்கும். ஆறு இருந்தால்தான் அதன் சுபாவமே வெளியில் வரும். மீசை முழுசாக இருக்கிறதா, வயிறு குழிந்திருக்கிறதா என்று பெண் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைக்காரர் அவளிடம் வங்காளத்தில் ஏதோ கேட்க, இவள் பதில் சொல்ல, நான் பேந்தப் பேந்த நின்றேன். எனக்குத் தெரியாமல் இவ்வளவு எப்போது கற்றாள்? பைக்குள் இன்னொரு பை போட்டுத் தரச் சொல்லுங்கள், மறக்க வேண்டாம். பயந்தால் கோரி முள்ளை விறைத்துக்கொள்ளும், ஒற்றைப் பை ஓட்டையாகிவிடும்.

நேராகத் தொட்டியில் விடவில்லை. பால்கனியில் பிளாஸ்டிக் டப்பில், ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு மூன்று வாரம் தனி வாசம். சந்தையில் கல் உப்பு அள்ளிப் போடச் சொல்வார்கள், நீல மருந்து, பச்சை மருந்து என்று கொடுப்பார்கள். செதில் இல்லாத மீன்களுக்குச் செம்பு கலந்த மருந்து ஆகாது, செடிகளுக்கு உப்பு ஆகாது. நோய் இல்லாமல் மருந்து எதுக்கு? ராத்திரி விளக்கு அணைத்தபின் மூழ்குகிற தீனி ஆறேழு குருணை. மேலே போடுகிற மிச்சத்தைத் தின்று பிழைக்கும் என்று நினைத்து எத்தனையோ வீடுகளில் கோரி பட்டினியாலேயே செத்திருக்கிறது. அதுவும் குடித்தனக்காரர்தான், வேலையாள் இல்லை.

தொட்டிக்குள் விட்ட அன்று ஆறும் வரிசையாக மணலில் இறங்கி, ஒரே நேரத்தில் மூஞ்சியைப் புதைத்தன. திடீரென்று ஒன்று சர்ரென்று மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு வந்தது. பெண் பதறிவிட்டாள். பயம் இல்லை, அது குடல் வழியாகவும் மூச்சு விடுகிற ஜாதி. அடிக்கடி போனால்தான் தண்ணீரில் காற்று குறைவு என்று அர்த்தம். மேலே கௌராமி ஜோடி இந்தக் களேபரத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஃபெர்னுக்குள் போய்விட்டது.

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் கால்பைசாகி அடித்தது. வங்காளத்துக் கோடைப் புயல், பத்து நிமிடத்தில் வானம் கறுத்து, மரம் சாய்த்து, ஆலங்கட்டி போட்டுவிட்டுப் போய்விடும். அன்றைக்குத் தண்ணீர் மாற்றுகிற முறை. மழைக்குப் பிறகு குழாயில் வந்த தண்ணீர் கொஞ்சம் ஜில்லென்று இருந்தது, கால் தொட்டி மாற்றினேன். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பெண் வந்து எழுப்பினாள். கண்ணாடியில் ஜவ்வரிசி ஒட்டின மாதிரி முட்டைகள். அவள் எண்ணியது 43. ரஸ்போராக்கள் ஏற்கெனவே பந்தி பரிமாறியாச்சு என்று வரிசை கட்டியிருந்தன.

பழைய ஏடிஎம் கார்டால் மெதுவாகச் சுரண்டி, ஐஸ்கிரீம் டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு போட்டோம். அப்புறம் பெங்களூருக்கு வீடியோ கால். தாது லுங்கியோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தார், இளைத்திருந்தார். இவள் வங்காளத்தில் கொட்டித் தீர்த்தாள். டப்பாவைக் காமிராவில் இடித்து இடித்துக் காட்டினாள். அவர் பாதாம் இலை காய்ந்தது ஒன்று போடு, பூஞ்சை பிடிக்காது, வெள்ளையாகப் போகிற முட்டையை உடனே எடுத்துவிடு, மூணு நாளிலிருந்து அஞ்சு நாளுக்குள் பொரிக்கும் என்றார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும், கௌராமி எங்கே? அதைக் காட்டு" என்றார்.

பெண் போனைத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். கௌராமி இரண்டும் வழக்கம்போல ஃபெர்னுக்குள். அவை வெளியே வருகிற வரைக்கும் அவரும் போனை வைக்கவில்லை, இவளும் கையை இறக்கவில்லை. எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங். பாதாம் மரம் எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது, இலை பொறுக்கக் கீழே போனேன்.